காலை நடைக்குப் பிறகு 20 பேருக்குக் கொடுக்க: ஜூஸா, ஸ்மூத்தியா?

பீடோர்_நடைக்குழு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் பீடோரில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஞாயிறுதோறும் காலை நடை நடக்கிறது. 20 பேர் வருகிறார்கள், பாதிக்கு மேல் 50 வயதைத் தாண்டியவர்கள். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), ரத்த அழுத்தம், கொழுப்பு என்று ஆளுக்கொரு மருந்து ஓடுகிறது. நடை முடிந்ததும் சிரப் தண்ணீரும் பெட்டிப் பானமும் கொடுத்து வந்தோம். அதை நிறுத்திவிட்டுப் பழம், காய்கறிக்கு மாறலாம் என்று முடிவாகிவிட்டது. எந்த வடிவில் என்பதில்தான் இழுபறி.

ஒரு தரப்பு ஆரஞ்சு, ஆப்பிள், கேரட் போட்டு ஜூஸ் பிழியலாம், வயிற்றுக்கு லேசாக இருக்கும் என்கிறது. இன்னொரு தரப்பு வாழைப்பழம், ஓட்ஸ், பால் போட்டு ஸ்மூத்தி அடிக்கலாம் என்கிறது. பாலாய் ராயாவில் (பொது மண்டபத்தில்) மின்சாரம் உண்டு. 1.5 லிட்டர் ஜக் உள்ள சாதாரண பிளெண்டர் ஒன்று, ஐஸ் பெட்டி ஒன்று இருக்கின்றன. ஸ்லோ ஜூசரை ஒருவர் இரவல் தருகிறார்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு எது பரவாயில்லை? பிளெண்டரில் அடித்தால் நார்ச்சத்து அழிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா? 20 பேருக்கு எவ்வளவு சாமான் வேண்டும்? விடியற்காலை 5.30க்கே அடித்து வைத்து 8.30க்குக் கொடுக்கலாமா?

---

ஈப்போ_உணவியல் எழுதியது:

முதலில் நார்ச்சத்துக் கேள்வியை முடித்துவிடுகிறேன். பிளெண்டர் நார்ச்சத்தை அழிப்பதில்லை, பொடியாக வெட்டுகிறது. வெட்டியதெல்லாம் குவளைக்குள்தான் இருக்கிறது. ஜூசர்தான் நாரைச் சக்கையாக வெளியே தள்ளுகிறது. ஸ்லோ ஜூசரும் அப்படியே. மெதுவாகப் பிழிவதால் சாறு கூடுதலாக வரும், நுரை குறையும், ஆனால் சக்கை சக்கைதான்.

ஒரு நடுத்தர ஆரஞ்சில் சுமார் 12 கிராம் சீனியும் 3 கிராம் நாரும் இருக்கின்றன. 240 மில்லி ஜூஸ் பிழிய அப்படி மூன்று பழம் போகும். அந்தக் குவளையில் சீனி 21 கிராம், நார் அரை கிராம்தான் மிஞ்சும். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வழிகாட்டலில் பழச்சாற்றுச் சீனியும் தேனும் நாம் கரண்டியால் போடும் சீனியோடு ஒரே கணக்கில் சேர்கின்றன. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அதிகபட்சம் 50 கிராம், முடிந்தால் 25 கிராம். சீனி ஒரு துளியும் போடாத ஆரஞ்சு ஜூஸ் ஒரு குவளை அந்த 25ஐ ஏறக்குறைய முடித்துவிடும். முழுப் பழத்தைக் கடித்துச் சாப்பிட்டால் இந்தக் கணக்கில் சேராது.

ஏன் இந்த வித்தியாசம்? 1977இல் லான்செட் இதழில் வந்த ஒரு சோதனை இன்றைக்கும் தெளிவான விளக்கம். அதே 482 கிராம் ஆப்பிளை முழுசாகவும் கூழாகவும் நாரில்லாத சாறாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். முழுப் பழத்தை மென்று முடிக்கும் வேகத்தைவிட 11 மடங்கு வேகத்தில் சாற்றைக் குடிக்க முடிந்தது. கூழைவிட 4 மடங்கு. வயிறு நிறைந்த உணர்வு முழுப் பழத்துக்கு அதிகம், கூழுக்கு அடுத்தது, சாற்றுக்கு ஆகக் குறைவு. சாறு குடித்த பிறகு இன்சுலின் அதிகம் சுரந்தது, பிறகு ரத்தச் சர்க்கரை சடாரென்று கீழே இறங்கியது. காலையில் ஜூஸ் மட்டும் குடித்தவருக்குப் பத்து மணிக்கே பசி கிள்ளுவது இதனால்தான்.

அதற்காக ஸ்மூத்தி என்றால் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஜக்கில் இரண்டு வாழைப்பழம், ஒரு மாம்பழம், தேன் இரண்டு கரண்டி, டின் பால் (சீனி கலந்த கெட்டிப் பால்) என்று போனால் ஜூஸைவிட மோசமான கணக்கு வரும். டின் பால் ஒரு மேசைக்கரண்டியிலேயே சுமார் 10 கிராம் சீனி. பிரிட்டனில் ஜூஸுக்கும் ஸ்மூத்திக்கும் சேர்த்தே ஒரு நாளைக்கு 150 மில்லி என்று எல்லை போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து ஒரே வேளையில் எத்தனை பழத்தைச் சாப்பிடுவீர்களோ அத்தனைதான் குவளைக்குள் போக வேண்டும்.

பழத்தையும் பார்க்க வேண்டும். தர்பூசணியில் 100 கிராமுக்கு நார் அரை கிராம்கூட இல்லை. அதைப் பிழிந்தாலும் அடித்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். கொய்யா அப்படியே எதிர்ப்பக்கம்: 100 கிராமில் நார் சுமார் 5 கிராம், சீனி 9, வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல். ஜம்பு பத்து என்கிற கொய்யாவுக்குப் பேர்போன பீடோரில் உட்கார்ந்துகொண்டு ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிப் பிழிவது எனக்குச் சம்மதமில்லை. தோலோடு அடித்த கொய்யாதான் உங்கள் குழுவுக்குப் பொருத்தம். ஆனால் கடைகளில் போடுவதுபோல் அசாம் போய் (உலர்ந்த புளிப்புப் பிளம்) போடாதீர்கள். அதில் உப்பும் சீனியும் சேர்ந்தே ஊறியிருக்கின்றன, ரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆகாது. புளிப்பு வேண்டுமானால் ஆளுக்கு ஒரு லிமாவ் கஸ்தூரி (சிறிய எலுமிச்சை வகை) பிழிந்தால் போதும்.

2023 தேசிய உடல்நல ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், தனக்கு இருப்பது தெரியாதவர்களும் அதில் அடக்கம். 20 பேரில் மூன்று பேர் என்று வைத்துக்கொண்டு எல்லாருக்கும் ஒரே பானம் செய்யுங்கள். 'இனிப்பு நீர்க் குவளை' என்று தனியாக வைத்தால் யாரும் கை நீட்ட மாட்டார்கள்.

பெட்டி ஜூஸுக்குத் திரும்பிப் போக நினைத்தால் ஒன்று கவனியுங்கள். 2019 ஜூலையில் வந்த சீனி வரி மற்ற இனிப்புப் பானங்களில் பெரும்பாலானவற்றுக்கு 100 மில்லியில் 5 கிராமைத் தாண்டினால் விழுகிறது, பழச்சாற்றுக்கோ 12 கிராமைத் தாண்டினால்தான். 11 கிராம் உள்ள ஜூஸ் வரிக்குள் வராது. வரி இல்லை என்பதால் சீனி குறைவு என்று அர்த்தமில்லை, பெட்டியின் பின்பக்க அட்டவணையைப் பாருங்கள்.

---

கேன்டீன்_சமையல் எழுதியது:

மேலே சொன்னதை வைத்து 20 பேருக்கு அளவு சொல்கிறேன். 1.5 லிட்டர் ஜக்கை முழுசாக நிரப்பக்கூடாது. மூன்றில் இரண்டு பங்குதான், அதாவது ஒரு லிட்டர். ஒரு தடவைக்கு 250 மில்லி வீதம் 4 குவளை. ஐந்து தடவை அடித்தால் 20 பேருக்குச் சரியாக இருக்கும்.

ஒரு தடவைக்கு: விதை நீக்கிய கொய்யா 400 கிராம், வெள்ளரி 160 கிராம், சீனி போடாத தயிர் 200 மில்லி, குளிர்ந்த தண்ணீர் 240 மில்லி, லிமாவ் கஸ்தூரி 4, புதினா பத்துப் பன்னிரண்டு இலை. மொத்தம் வாங்க வேண்டியது வெட்டிய கணக்கில் கொய்யா 2 கிலோ, வெள்ளரி 800 கிராம், தயிர் 1 லிட்டர். விதையுள்ள ரகமாக இருந்தால் நடுப்பகுதி கழிந்துவிடும், 3 கிலோ வாங்குங்கள். விதையில்லாத ரகம் கிடைத்தால் 2.2 கிலோ போதும்.

போடும் வரிசை முக்கியம். தண்ணீரும் தயிரும் முதலில், பிறகு இலை, பிறகு வெள்ளரி, கடைசியாகக் கொய்யா. கட்டியானதை முதலில் போட்டால் கத்தியைச் சுற்றி ஒரு காற்றுக் குமிழி உருவாகும். மோட்டார் கத்தும், மேலே உள்ள துண்டுகள் அப்படியே நிற்கும். அப்போது ஓடவிட்டுக்கொண்டே இருந்தால் மோட்டார் சூடாகிக் கருகல் வாசம் வரும். நிறுத்தி, 50 மில்லி தண்ணீர் சேர்த்து, கரண்டியால் ஒருமுறை கிளறிவிட்டு மறுபடி போடுங்கள்.

மெதுவான வேகத்தில் 10 விநாடி, பிறகு வேகமாக 40 விநாடி. அதற்கு மேல் அடித்தால் காற்று ஏறி நுரை கட்டும், குவளையில் பாதி நுரையாக நிற்கும். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் இரண்டு நிமிடம் மோட்டாரை ஆறவிடுங்கள். அதற்குள் அடுத்த சாமானை அளந்து எடுத்துவைத்துவிடலாம்.

நீக்கியும் தப்பிவிடும் கொய்யா விதை சாதாரண பிளெண்டரில் உடையாது, பல்லில் கரகரக்கும். அதற்காக மெல்லிய துணியில் வடிகட்டினால் நார் முழுக்கத் துணியிலேயே தங்கி மறுபடி ஜூஸாகிவிடும். விதை மட்டும் நிற்கிற அளவுக்குப் பெரிய கண் உள்ள சல்லடை போதும்.

5.30க்கு அடித்து வைப்பது வேண்டாம். பழத்தை இரவே கழுவித் துடைத்து, காலையில் வெட்டி மூடியுள்ள டப்பாவில் ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள், தயிரும் அதே பெட்டியில். ஆட்கள் திரும்பி வரும் நேரத்தில் அடிக்க ஆரம்பியுங்கள். அடித்த பிறகு வெளியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது. ஐஸ் போடுவதானால் குடிக்கும் ஐஸ் பாக்கெட்தான். மீனுக்குப் போடும் பாளம் ஐஸை உடைத்துப் போடவே கூடாது.

---

தாப்பா_ரோடு எழுதியது:

கொய்யாவுக்குப் பதில் ஒரு வாரம் பப்பாளி, ஒரு வாரம் அன்னாசி என்று மாற்றலாமா? தயிரோடு ஒத்துப்போகுமா?

---

கேன்டீன்_சமையல் எழுதியது:

மாற்றலாம், ஆனால் இரண்டும் பாலையும் தயிரையும் கசக்க வைக்கும். பப்பாளியில் பாப்பேன், அன்னாசியில் புரோமலின் என்ற நொதிகள் பால் புரதத்தை வெட்டுகின்றன. வெட்டுப்பட்ட துணுக்குகள்தான் கசக்கின்றன. அடித்த உடனே குடித்தால் தெரியாது. கால் மணி நேரம் நின்றால் அன்னாசித் தயிர் தண்ணீர் பிரிந்து கசந்துவிடும். பழம் கெட்டுப்போனது என்று நினைத்து மொத்தத்தையும் கொட்டுகிறார்கள்.

நன்றாகப் பழுத்த பப்பாளியில் அந்த நொதி குறைவு, காயில்தான் அதிகம். அன்னாசிக்கு ஒரு வழி இருக்கிறது. துண்டுகளைச் சிறிது தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் நொதி செயலிழந்துவிடும், பிறகு தயிரோடு எவ்வளவு நேரமும் நிற்கும். வைட்டமின் சி கொஞ்சம் குறையும், அதை லிமாவ் கஸ்தூரி ஈடுகட்டும். இல்லாவிட்டால் அன்னாசி வாரத்தில் தயிரையே விட்டுவிட்டு ஊறவைத்த சப்ஜா விதை போடுங்கள். ஒரு தேக்கரண்டிக்கு அரைக் குவளை தண்ணீர், கால் மணி நேரம்.

வாழைப்பழ ஸ்மூத்தி கேட்டவர்களுக்கும் ஒன்று. வாழைப்பழத்தோடு கொக்கோ தூளோ பெர்ரிப் பழமோ சேர்க்காதீர்கள். வாழைப்பழத்தைக் கறுக்க வைக்கும் அதே நொதி கொக்கோவிலும் பெர்ரியிலும் உள்ள ஃபிளவனால் என்ற தாவரச் சத்துகளைச் சிதைக்கிறது. 2023இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்த ஆய்வில், வாழைப்பழம் சேர்த்தபோது ரத்தத்தில் ஏறிய ஃபிளவனால் 84 விழுக்காடு குறைந்தது. வாழைப்பழத்தோடு ஓட்ஸும் பாலும் போட்டால் இந்தப் பிரச்சினை இல்லை.

---

பீடோர்_நடைக்குழு எழுதியது:

ரொம்ப நன்றி, இது போதும் என்று நினைத்த நேரத்தில் குழுவிலிருந்து இன்னும் மூன்று கேள்வி வந்திருக்கிறது. பாகற்காய் ஜூஸ் தனியாக வேண்டும் என்று இருவர் கேட்கிறார்கள். தோட்டத்தில் ஸ்டார் பழம் நிறையக் காய்க்கிறது, இலவசமாகத் தருகிறேன் என்கிறார் ஒருவர். தம்புன் லிமாவ் பாலியும் (பம்ப்ளிமாஸ்) போடலாமா என்று இன்னொருவர். சிறுநீரகப் பிரச்சினை உள்ள ஒரு பெரியவரும் குழுவில் இருக்கிறார்.

---

மருந்தகம்_பேராக் எழுதியது:

ஸ்டார் பழத்தை வாங்காதீர்கள், இலவசமாக வந்தாலும் வேண்டாம். அதில் காரம்பாக்சின் என்ற நரம்பு நச்சு இருக்கிறது. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது, அது மூளைக்கு ஏறும். முதல் அறிகுறி பெரும்பாலும் நிற்காத விக்கல், பிறகு குழப்பம், வலிப்பு, உயிரும் போயிருக்கிறது. ஒரு பழமே சிலருக்குப் போதுமானது. ஆரோக்கியமானவர்கள்கூட வெறும் வயிற்றில் ஸ்டார் பழ ஜூஸை நிறையக் குடித்தால் ஆக்சலேட் சேர்ந்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம். தனக்குச் சிறுநீரகம் பழுது என்று தெரியாதவர்கள் குழுவில் இருக்கக்கூடும், அதனால் பொது மேசையில் அந்தப் பழத்துக்கு இடமே வேண்டாம்.

அந்தப் பெரியவருக்கு வாழைப்பழம், ஆரஞ்சு, இளநீர் எல்லாமே பொட்டாசியக் கணக்கில் வரும். கொய்யாவும்தான். அவருடைய கிளினிக்கில் கொடுத்த அளவைக் கேட்டுக்கொள்ளாமல் ஜூஸும் வேண்டாம், ஸ்மூத்தியும் வேண்டாம். அன்றைக்கு அவருக்குத் தண்ணீர் போதும், அவருக்குத் தண்ணீர் அளவும் வரையறுத்திருந்தால் அதன்படி.

லிமாவ் பாலி கிரேப்ஃப்ரூட்டின் சொந்தக்காரப் பழம். அதிலும் ஃபுரானோகூமரின் என்ற பொருள் உண்டு. குடலில் சில மருந்துகளை உடைக்கும் நொதியை அது முடக்கிவிடுவதால் மருந்து தேவைக்கு மேல் ரத்தத்தில் ஏறும். கொழுப்புக்குச் சிம்வாஸ்டாட்டின் எடுப்பவர்கள், ரத்த அழுத்தத்துக்கு ஃபெலோடிப்பின் எடுப்பவர்கள், சிறுநீரகம் மாற்றிச் சைக்ளோஸ்போரினோ டாக்ரோலிமஸோ எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டும். மருந்தை இரவில்தானே எடுக்கிறேன், பழத்தைக் காலையில்தானே குடிக்கிறேன் என்று சொல்வார்கள். கிரேப்ஃப்ரூட்டில் பார்த்தவரை முடங்கிய நொதி திரும்பி வர ஒரு நாளுக்கு மேல் ஆகும், நேரத்தைத் தள்ளிவைப்பதால் பயனில்லை. உங்கள் குழுவில் கொழுப்பு மாத்திரைக்காரர்கள் நிறையப் பேர் என்கிறீர்கள், அதனால் விட்டுவிடுங்கள்.

பாகற்காய் ரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கக்கூடும். அதுதான் இங்கே ஆபத்து. கிளிக்லசைட் என்ற இனிப்பு நீர் மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர் வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு அதன்மேல் பாகற்காய் ஜூஸும் குடித்தால் சர்க்கரை ரொம்பவும் தாழ்ந்துவிடலாம். பாகற்காயைக் குழம்பிலும் வறுவலிலும் சாப்பிடட்டும். மருந்தை நிறுத்திவிட்டுப் பாகற்காய் மட்டும் குடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

தாழ்சர்க்கரை என்று வந்துவிட்டால், ஸ்மூத்தியை ஜூஸ் வெல்லும் ஒரே இடம் அதுதான். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்து, கருவியில் 4.0 mmol/Lக்குக் கீழே காட்டினால் 15 கிராம் வேகமான சீனி உடனே உள்ளே போக வேண்டும். 150 மில்லி பழச்சாறு அதற்குச் சரி. தயிரும் நாரும் உள்ள ஸ்மூத்தி மெதுவாக இறங்கும், அந்த நேரத்துக்கு உதவாது. 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு 150. அகார்போஸ் என்ற இனிப்பு நீர் மாத்திரை எடுப்பவருக்கு மட்டும் சாதாரணச் சீனி உடையத் தாமதமாகும் என்பதால் குளுக்கோஸ் தூள்தான் கொடுக்க வேண்டும். சுயநினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999ஐ அழையுங்கள். ஆகவே பழைய பெட்டி ஜூஸில் இரண்டை மட்டும் ஐஸ் பெட்டியில் போட்டு வையுங்கள், குடிப்பதற்கு அல்ல, இதற்காக.

---

சக்கை_வீணாகாது எழுதியது:

ஸ்லோ ஜூசர் இரவல் கிடைக்கிறது என்கிறீர்கள், காய்கறிக்கு அதைப் பயன்படுத்தலாம். காய்கறிச் சாற்றில் சீனி பழத்தைவிடக் குறைவு. 240 மில்லி கேரட் சாற்றில் 9 கிராம்தான். ஆனால் அதற்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கேரட் போகும், 20 பேருக்குப் பெரிய மூட்டை. கடைகளில் விற்கும் கேரட் சூசுவில் டின் பாலும் சேர்வதால் அந்த நன்மையும் போய்விடுகிறது.

கேரட்டின் சத்தான பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. வெறும் சாறாகக் குடித்தால் உடம்பில் சேருவது குறைவு. கேரட்டை வட்டமாக வெட்டி 7 நிமிடம் ஆவியில் வேகவைத்து, ஆறியபின் தயிரும் ஆளுக்கு ஒரு தேக்கரண்டி வறுத்த நிலக்கடலையும் சேர்த்து அடித்தால் பச்சைச் சாற்றைவிட நன்றாகச் சேரும். இஞ்சி ஒரு சிறு துண்டு, சீரகம் ஒரு சிட்டிகை. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர் இருக்கிறாரா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

பீட்ரூட் சேர்த்தால் சிறுநீர் சிவப்பாகப் போகலாம், ரத்தம் என்று பயந்து கிளினிக்குக்கு ஓடுவார்கள், முன்பே சொல்லிவிடுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்குப் பீட்ரூட்டும் பச்சைப் பசலையும் வேண்டாம், ஆக்சலேட் அதிகம். கழிவை வெளியேற்றும் என்று விற்கும் பச்சை ஜூஸ் எல்லாம் வெறும் பேச்சு, அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன.

ஜூஸ் பிழிந்தே ஆகவேண்டும் என்றால் சக்கையைத் தூக்கிப் போடாதீர்கள். கேரட் சக்கை 200 கிராம், உளுந்து வடை மாவு 500 கிராம், வெங்காயம், பச்சை மிளகாய். சக்கை ஈரம் இழுக்கும் என்பதால் மாவைக் கொஞ்சம் தளர்வாக வைக்கலாம். சக்கையை அன்றைக்கே பயன்படுத்த வேண்டும், ஐஸ் பெட்டியில் இரண்டாம் நாளே புளிக்கும்.

---

பீடோர்_நடைக்குழு எழுதியது:

முடிவாகிவிட்டது: கொய்யா, வெள்ளரி, தயிர். இரண்டாவது வாரம் வேகவைத்த கேரட். ஸ்டார் பழமும் லிமாவ் பாலியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பேரப்பிள்ளைகளையும் சிலர் கூட்டி வருகிறார்கள். அவர்களுக்கும் அதே 250 மில்லியா? பிளெண்டர் ஒருமுறை கழுவி வைத்தும் மறுவாரம் ஒரு நாற்றம் அடிக்கிறது, அதற்கு என்ன செய்வது?

---

ஈப்போ_உணவியல் எழுதியது:

ஒரு வயதுக்குக் கீழ் ஜூஸே கிடையாது. ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை ஜூஸ் ஒரு நாளைக்கு 120 மில்லியைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2017இல் சொன்னது. ஸ்மூத்திக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். பால் புட்டியில் ஊற்றிக் கொடுக்க வேண்டாம், பல் முழுக்க அமிலமும் சீனியும் ஊறும். பெரியவர்களும் குடித்த கையோடு பல் தேய்க்காமல் வாயைக் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுக்கட்டும்.

---

கேன்டீன்_சமையல் எழுதியது:

நாற்றம் கத்திக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையத்திலிருந்து வருகிறது. ஜக்கை மட்டும் கழுவினால் போகாது. மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு ஜக்கின் அடிப்பகுதியைத் திருகிக் கழற்றுங்கள். வளையத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் தயிர் காய்ந்து கறுப்புப் பூஞ்சை படிந்திருக்கும். சோப்பு நீரில் பழைய பல் துலக்கியால் தேய்த்து, ஒரு பங்கு வினிகர் ஒரு பங்கு வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். பூஞ்சை ரப்பருக்குள்ளேயே இறங்கியிருந்தால் வளையத்தை மாற்றிவிடுங்கள், ஜக்கின் மாடல் எண்ணைச் சொன்னால் மின்சாதனப் பழுதுபார்க்கும் கடையில் கிடைக்கும். மாட்டும்போது தட்டையான பக்கம் கத்தியை ஒட்டி உட்கார வேண்டும், முறுக்கிக்கொண்டால் அடியில் ஒழுகி மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கும். கழுவியபின் மூடி போடாமல் கவிழ்த்து, வளையத்தை வெளியே வைத்து, முழுசாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.